கயிறு யார் கையில்?

மோர்னிங்சைட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பெடியனின் முதுகில் இரண்டு வரிசையாகச் சிறு தழும்புகள் இருக்கலாம். குளிர்ச்சட்டைக்குள் யாருக்குத் தெரியும்? கோடைத் திருவிழாவில் எடுத்த செடில் காவடியின் மிச்சம் அது.

முள் அவன் முதுகில்; கயிறு பின்னால் நிற்கும் மச்சான் கையில். தூரத்தில் நின்று பார்த்தால் இழுப்பவன் எசமான், இழுபடுபவன் அடிமை. கிட்டப் போய்ப் பாருங்கள். நேர்த்தி வைத்தவன் காவடிக்காரன். விரதம் இருந்தவனும், கயிற்றை நம்பிக் கொடுத்தவனும் அவனேதான். மேளம் வேகம் பிடித்ததும் முன்னால் சாய்வான். கயிறு விறைக்கும், தோல் கூடாரம்போல எழும்பும். “இளக்கு மச்சான்” என்றால் அந்தக் கணமே இளக்க வேண்டும். என் கணக்கில் அன்று கூடுதலாகப் பயப்படுவது பிடிப்பவன்தான்.

எசமானும் அடிமையும் இப்படி இடம் மாறுவது சைவத்துக்குப் புதிதில்லை. திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி வழக்காடி, சுந்தரரைத் தன் அடிமை என்று வென்றார் சிவன். பிறகு திருவாரூரில் அதே அடிமைக்காக, அவர் மனைவி பரவையார் வீட்டுக்கு இரவில் தூது நடந்தார். சேக்கிழார் சொல்லும் கதை. ஆண்டவனே ஏவல் கேட்டிருக்கிறார். அப்படியிருக்க, சரணடை என்று சொல்லிவிட்டு, விலகப் போகிறேன் என்றவரைச் சாபம் காட்டி மிரட்டும் சாமியார்களுக்கு என்ன வந்தது?

கோயிலில் செடிலைக் கழற்றித் திருநீறு அப்புவார்கள். மச்சான் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவான்.