நினைவிழந்தாரும் நினைப்பவனும்

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீசௌந்தரராஜப் பெருமாளைத் திருப்பள்ளியுணர்த்தி, திருமஞ்சனம் செய்து, அமுது செய்விக்கிறோம். அவன் மறுமொழி சொன்னானா என்று கேட்பதில்லை. தலைக்காயத்தால் மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடக்கும் உறவினரிடத்தில் மட்டும், ‘அறியாதவருக்குச் செய்து பயன் என்ன?’ என்கிறோம்.

பெரியாழ்வார் நான்காம் பத்தின் பத்தாம் திருமொழியில், தளர்ச்சி வரும்போது தம்மால் நினைக்கவொண்ணாதென்று அரங்கனிடம் முன்னமே விண்ணப்பித்து வைத்தார். நலமாயிருந்தபோது தன்னை நினைத்தவன் உணர்வற்றுக் கிடக்கையில், தானே அவனை நினைப்பதாக வராஹ சரம ச்லோகத்தில் பெருமான் அருளினான். ஆகவே நினைவு போனாலும் உறவு போகாது.

இதைக் கொண்டு ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்று நாம் ஒதுங்கலாமோ? ஒண்ணாது. நினைக்கும் பொறுப்பை அவன் ஏற்றான். புரட்டிப் படுக்கவைத்தல், மூட்டுகளை அசைத்துவிடுதல், பெயர் சொல்லி அழைத்தல் ஆகியவை நம் கைகளுக்கும் வாய்க்கும் உரியவை. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் தம் தோழி அருணா ஷான்பாக்கை 1973 முதல் 2015 வரை பேணினர். 2006இல் வெளியான ஆய்வொன்றில், அசைவற்றிருந்த பெண்ணொருத்தியை டென்னிஸ் ஆடுவதாக எண்ணச் சொன்னபோது, அவள் மூளை நலமுள்ளோர் மூளைபோலவே இயங்கியதைக் கருவி காட்டிற்று. எல்லாரும் மீள்வர் என்பதன்று. மௌனம் இன்மை ஆகாது என்பதே.

மறுமொழி எதிர்பாராத கைங்கர்யத்தைச் சந்நிதியில் கற்றோம். அதை வீட்டுக் கட்டிலருகேயும் செய்வோமாக.