நடுவர் துணிபும் காட்டக் காணும் அறிவும்

வழக்கொன்றன்கண் இருதிறத்தார் கூற்றினையும் கேட்டு நடுவர் ஒன்றனைத் துணிந்துரைக்குங்கால், அத்துணிபு அவருள்ளத்து எங்ஙனம் தோன்றுகின்றது என்னும் வினாவைச் சட்டநூலார் நெடுங்காலம் பெரிதும் ஆராய்ந்திலர். நூல்விதி ஒருபுறமும் நிகழ்ச்சி ஒருபுறமும் நிற்ப, இரண்டனையும் பொருத்திக் காண்பதே தீர்ப்பென அமைந்தனர். அண்மைக் காலத்து உளநூல், பொருள்நூல், மூளைநூல் வல்லார் சட்டநூலாரோடு ஒருங்கிருந்து இதனை ஆராய்கின்றனர். இவ்வாராய்ச்சி சித்தாந்த மாணவர்க்கு வேண்டா என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். ஆயினும் அதன்வழிச் சிலர் கொள்ளும் முடிபு எமக்கு உடன்பாடன்று.

செருமனி நாட்டிலே பிர்த்தே எங்லிக், தோமஸ் முஸ்வைலர், ஃபிரிட்ஸ் ஷ்ட்ராக் என்னும் மூவர் ஓராராய்ச்சி நிகழ்த்தி 2006-ஆம் ஆண்டு வெளியிட்டனர். கடையிற் களவு செய்தார் ஒருவரது வழக்கினைச் சட்டத்துறை வல்லார்க்குப் படிக்கத் தந்து, இரண்டு கவறுகளை உருட்டச் செய்து, வீழ்ந்த எண்ணையே அரசு வழக்கறிஞர் கேட்கும் தண்டனைத் திங்களாகக் கொள்க என்றனர். சிலர்க்கு 3-ம் சிலர்க்கு 9-ம் வீழுமாறு கவறுகள் முன்னரே அமைக்கப்பட்டிருந்தன. 3 கண்டார் விதித்த தண்டனை சராசரி ஏறத்தாழ 5 திங்கள். 9 கண்டார் விதித்தது ஏறத்தாழ 8 திங்கள். குற்றம் ஒன்றே, சட்டமும் ஒன்றே. கவற்றின் எண்ணுக்கும் குற்றத்துக்கும் இயைபில்லை என்பது அவர் அறியாததன்று. அறிந்திருந்தும் சாய்ந்தனர். முதற்கண் செவிப்பட்ட எண் மதிப்பினைத் தன்பால் ஈர்க்குமென ட்வெர்ஸ்கி, கானமன் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டிலேயே காட்டியுள்ளனர். கற்றாரையும் அது விடாதென்பது இதனாற் பெறப்பட்டது.

இத்தகைய ஆராய்ச்சிகள் அனைத்தும் ஒருதரத்தன என்று கோடலும் ஆகாது. சிறைவிடுதலை வேண்டுவார் மனுக்களை ஆயும் இசுரேல் நாட்டு நடுவர் உணவு இடைவேளைக்குப் பின்னர் மிகுதியும் இணங்கி, அடுத்த இடைவேளை அணுக அணுக மறுத்தனரென 2011-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வந்தது. பசியே தீர்ப்பினை ஆளுமென உலகெங்கும் பேசினர். வழக்கறிஞர் இல்லாதார் மனுக்கள் இடைவேளைக்கு முன் ஈற்றில் வருதலே காரணமாகலாமென அவ்வாண்டே பிறர் மறுத்தெழுதினர். தடைவிடைகளிற் பயின்ற நம்மனோர்க்கு இது புதிதன்று.

இனி, இவற்றைக்கொண்டு சிலர் கூறுவது: நடுவன் துணிபு அவன் அறியாத காரணங்களான் விளைதலின், துணிவான் என ஓர் அறிவுப்பொருள் வேண்டா, குற்றஞ்செய்தான் துணிபும் அத்தகைத்தே, ஆகவே ஒறுத்தல் பொருளற்றது என்பதாம். இதனை ஏற்பின் சட்டம் மட்டுமன்று, வினைக்கொள்கையும் வீழும்.

புத்தி சடம் என்பதும், உயிர் அதனைக் கருவியாகக் கொண்டே துணியும் என்பதும், அராகம் ஒருபாற் சாய்விக்கும் என்பதும் நமக்குப் புதியன அல்ல. ஆணவத்தான் மறைப்புண்ட உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்றே நம் ஆசிரியன்மார் கொண்டனர். ஆகவே கவற்றினாற் சாய்ந்தமை உயிரின்மைக்குச் சான்றாகாது. கட்டுற்ற உயிரின் இயல்பிற்கே சான்றாம். அச்சாய்வினை அறிந்தார் யாவர் எனின், ஆராய்ந்தார் அறிந்தனர். அவர் காட்டியவழி நடுவரும் அறிதல் கூடும். துணிபு முழுவதும் கருவிகளின் விளைவேயாயின், தன் துணிபு கோடிற்றெனக் கண்டு நாணுவது யாது? தானே அறியமாட்டாது, காட்டியவழிக் காண்பது எதுவோ அதனையே உயிர் என்கின்றோம். குற்றஞ்செய்தான் மாட்டும் இஃதொக்கும். காட்டத் தன் குற்றத்தைக் காணவல்லனாதலின் அவன் ஒறுத்தற்கு உரியனாயினான். நோயினால் அவ்வாற்றல் இழந்து செய்தானைச் சட்டமும் குற்றவாளியெனக் கொள்வதில்லை.

எனினும் ஒன்று ஒப்புதல் வேண்டும். ‘யான் நடுநின்றேன்’ என நடுவன் தன் நெஞ்சினையே சான்றாக்குதல் நம் கொள்கைப்படியும் செல்லாது. மனச்சான்று ஒன்றே நடுவர்க்குப் போதும் எனச் சொற்பொழிவுகளில் யாமும் பல்காற் கூறியதுண்டு. இப்பொழுது அத்துணை உறுதியாகக் கூறமாட்டேம்.

திருவெண்ணெய்நல்லூர் அவையத்தாரை நோக்குக. நம்பியாரூரர் மணக்கோலத்தினர், வழக்கிட்டாரோ முன்னறியா முதியவர். அந்தணர் பிறிதோர் அந்தணர்க்கு அடிமையாதல் வழக்கன்று என்பது அவையத்தார் நெஞ்சில் முன்னரே ஊன்றியிருந்தது. அதனை வாய்விட்டும் கூறினர். அந்நினைவே தீர்ப்பாகியிருத்தல் கூடும். அவரோ ஆட்சி, ஆவணம், அயலார் சான்று என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுக என்றனர். காட்டிய மூலவோலையினையும் கண்டவளவில் தேறாது, பாட்டனார் எழுத்துள்ள பிறிதோர் ஓலையினை வருவித்து ஒப்பநோக்கினர். ஒத்தமை கண்டபின், முன்னினைவிற்கு மாறாகவே முடிவு கூறினர். வந்தவர் யார் என்பது அவர்க்குப் புலப்படவில்லை. புலப்படாதார்க்கும் முறைமை வழிகாட்டிற்று.

இக்காலத்து மேன்முறையீடும், காரணம் எழுதித் தீர்ப்புரைத்தலும், செசன்சு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாலன்றி நிறைவேற்றலாகாது என்னும் இந்தியச் சட்டவிதியும் அவ்வகையின. ஆனால் இவை போதா. முற்கூறிய செருமனியர் மூவரே 2005-ஆம் ஆண்டில் பிறிதொன்று காட்டினர்: ஈற்றுரையில் அரசு வழக்கறிஞர் முதற்கண் எண் கூறுதலின், பின்னுரைக்கும் எதிர்வழக்கறிஞர் கோரும் தண்டனையும் அவ்வெண்ணின்பாற் சாய்கின்றது. எதிர்க்க வந்தாரே ஈர்க்கப்படுவர் எனின், யார் முன்னுரைப்பது என்பது சிறு வினா அன்று. தமக்குத் தோன்றிய தண்டனை அளவினை அவ்வெண் செவிப்படுமுன் நடுவர் எழுதிவைத்து, பின்னர் வேறுபடின் அதன் காரணமும் குறித்தல் ஆகாதோ? அதற்குத் தடை யாதென்பதனைச் சட்டநூல் வல்ல அன்பர்கள் இவ்விதழில் எழுதுவாராயின் மகிழ்வோம்.