லேசரும் சிரட்டையும்

கொசுவை லேசரால் சுட்டு வீழ்த்த முடியும். 2010 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்த டெட் மாநாட்டில், நேதன் மிர்வோல்ட் என்பவர் அதற்கான கருவியை மேடைக்கே கொண்டுவந்தார். கொசு கருகி விழுவதை மெதுவாக ஓடும் வீடியோவில் போட்டும் காட்டினார். பறப்பதைக் கேமரா பிடிக்கும். இறக்கை அடிக்கும் வேகத்தை வைத்து, கடிக்கிற பெண் கொசுதானா என்று கணினி தீர்மானிக்கும். உடனே லேசர் பாயும். யோசனை சொன்ன லோவெல் வுட், 1980களில் ஏவுகணைகளை வானிலேயே அழிக்க அமெரிக்கா தீட்டிய ‘ஸ்டார் வார்ஸ்’ திட்டத்தில் இருந்தவர். வேடிக்கைதான், ஆனால் நியாயமும் உண்டு. ஏவுகணையைவிடக் கொசு கொன்றவர்களே அதிகம்.

இதைக் கேரளத்தில் தொடுபுழையிலோ மண்ணார்க்காட்டிலோ ஒரு ரப்பர் தோட்டத்தில் நிறுத்தினால்? லேசர் நேர்கோட்டில் போகும். அங்கே மரத்துக்கு மரம் மறைக்கும். பறப்பவற்றைச் சுட்டாலும், பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் மழைநீர் தேங்கி அடுத்த கூட்டம் புழுவாக நெளிந்துகொண்டிருக்கும். மழையில் பால்வெட்டு நின்றுவிட்டால் அந்தச் சிரட்டைகளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லையே! உதிர்ந்த கமுகம்பாளை, கொக்கோத் தோடு, அன்னாசி இலை இடுக்கு என்று, இப்படித் தேங்கிய நீரில் பெருகும் புலிக்கொசு என்ற வகைக்கு வேறு இடங்களும் உண்டு.

2007இல் இடுக்கி, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களைச் சிக்குன்குனியா முடக்கிப்போட்டது இந்தக் கொசுவின் வழியாகத்தான். வைரஸில் நேர்ந்த ஒரு சின்ன மரபணு மாற்றம், புலிக்கொசுவின் உடம்பில் அது எளிதாகப் பெருக வழிசெய்திருந்தது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தினமும் ஜீப்பில் இடுக்கியின் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர்கள் நம் ஆட்கள். சோதனைச்சாவடியில் காய்ச்சலை யார் நிறுத்திவைப்பது?

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் கேரளத்தில் வாரந்தோறும் தேங்கிய நீரைக் கொட்டும் ‘டிரை டே’ அனுசரிக்கிறார்கள்: வெள்ளி பள்ளிகளில், சனி அலுவலகங்களில், ஞாயிறு வீடுகளில். தோட்டத்துக்கும் அதே கணக்குதான். ஆனால் ஏக்கர் கணக்கில் மரம் மரமாகப் போய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பது ஒருநாள் வேலை. அதை யாரும் சும்மா செய்துதர மாட்டார்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களே, பால்வெட்டு இல்லாத மாதங்களில் சிரட்டை கவிழ்க்கவும் ஆள் விடுங்கள். அதற்கும் கூலி கொடுங்கள்.