சாட்டைச் சத்தம் யாருக்குத் தாளம்?

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை வந்தது. வழக்கமாக வரும் கட்சிச் சண்டை இல்லை. ஒரு பாட்டை வைத்து வந்த சண்டை. கிதார் பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவன் செல்போனில் ஒரு ராக் பாட்டைப் போட்டான். நான் படித்தது தமிழ் எம்.ஏ. அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் கிதார் தொடங்கிய நாலைந்து நொடிக்குள் என் கால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. இருந்த எட்டுப் பேரும் தலையாட்டினோம். பாட்டு முடிந்ததும் இங்கிலீஷ் இலக்கியம் படித்த தோழி கேட்டாள்: "என்ன பாட்டுன்னு தெரிஞ்சுதான் ஆடுனீங்களா?" பிறகு வரிவரியாகப் பொருள் சொன்னாள். கேட்கக் கேட்க ஒவ்வொருத்தராகக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அது ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் ‘பிரவுன் சுகர்’. பழுப்புச் சர்க்கரை என்று பொருள். பாடியவர் மிக் ஜாகர். பெரும்பகுதியை எழுதியவரும் அவரே. 1969 டிசம்பரில், பருத்தி விளைந்த அலபாமா மாநிலத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. 1971இல் வெளிவந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கப்புறம் அரை நூற்றாண்டு, மைதானம் மைதானமாகச் சனங்கள் ஆடித் தீர்த்த பாட்டு. அதில் உள்ள சங்கதி இதுதான்: ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல் பருத்திக் காட்டுக்கு வருகிறது. நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் ஆளை விற்கிறார்கள். நடுராத்திரியில் அடிமைகளை ஆளும் கிழவன் பெண்களைச் சாட்டையால் அடிக்கிறான். இதைச் சொன்ன மூச்சு அடங்குவதற்குள், கறுப்புப் பெண்ணின் உடம்பு ருசியைக் கொண்டாடும் பல்லவி வந்துவிடுகிறது. பழுப்புச் சர்க்கரை என்பது அவள்தான். ஒரு போதைப்பொருளுக்கும் அதே பேர் உண்டு என்பது உபரிக் கிண்டல்.

இந்த ‘ருசி’க்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1662இல் வர்ஜீனியாவில் வெள்ளைக் குடியேறிகள் போட்ட சட்டம். பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயைப் பொறுத்தது, அப்பன் யாராக இருந்தாலும் சரி. அதாவது, ஆண்டை ராத்திரியில் அடிமைக் குடிசைக்குள் நுழைந்தால் அவனுக்கு அது குற்றமில்லை. பத்து மாசத்தில் ஒரு சொத்து கூடும். மற்றக் குடியேற்றங்களிலும் இதே முறை பரவியது. நியூ ஆர்லியன்ஸோ, உள்நாட்டுப் போருக்கு முன்பு அமெரிக்காவின் ஆகப்பெரிய அடிமைச் சந்தை. கறுப்புப் பெண்ணின் உடம்பு அங்கே உழைக்கும் கருவி, இச்சை தீர்க்கும் பண்டம், இன்னும் அடிமைகளைப் பெற்றுத்தரும் நிலம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு அந்தப் பல்லவியைத் திரும்பக் கேட்டால் கால் ஆடாது.

சண்டை மூன்று பக்கமாகப் பிரிந்தது. "இனிமே இந்தப் பாட்ட எவனும் எங்கயும் போடக்கூடாது" என்றார் ஒரு தோழர். "பாட்டு வேற, பொருள் வேற. தாளத்துக்கு ஆடுனா என்ன தப்பு?" என்றார் இன்னொருவர். கிதார்த் தம்பி விடவில்லை. "இல்லக்கா, அடிமைமுறையோட கொடூரத்தத்தான் பாட்டு சொல்லுது. நம்ம கொடுமைய நாம பாடுறதில்லையா?" என்றான்.

பார்க்கப்போனால் இந்தச் சண்டை பாட்டைச் செய்தவர்களுக்குள்ளேயே இருக்கிறது. எல்லா அசிங்கமான சங்கதியையும் ஒரே பாட்டில் போட்டுக் கலக்கியதாக 1995இல் ஒரு பேட்டியில் ஜாகரே சொன்னார். இப்போதென்றால் அப்படி எழுத மாட்டேன், என்னை நானே தடுத்துக்கொள்வேன் என்றார். மேடையில் சாட்டை வரியை மாற்றிப் பாடியதும் உண்டு. 2021இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பாட்டையே எடுத்துவிட்டார்கள். கிதார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு அதில் மனத்தாங்கல். இது அடிமைமுறையின் கொடூரத்தைப் பற்றிய பாட்டு என்று புரியவில்லையா, இதைப் புதைக்கப் பார்க்கிறார்களே என்று வருந்தினார். ஜாகரின் பேச்சு வேறு மாதிரி இருந்தது. 1970இலிருந்து ராத்திரிதோறும் பாடியாச்சு, கொஞ்ச நாள் எடுத்துவைத்துப் பார்ப்போம் என்ற தோரணை.

கறுப்பர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ராக் இசைக்கு வழிவெட்டிய கறுப்புக் கலைஞர் லிட்டில் ரிச்சர்ட், பாட்டு வந்த அதே 1971இல் தன் இசைத்தட்டில் இதைப் பாடினார். பாட்டு என்னை நினைத்து எழுதியது என்று சொன்ன கறுப்புப் பெண்கள் இருவர்: மார்ஷா ஹன்ட், கிளாடியா லென்னியர். இருவரும் பாடகிகள். அதே குழு 1978இல் வேறொரு பாட்டில் கறுப்புப் பெண்களை இழிவாக ஒரு வரியில் சொன்னபோது, சிவில் உரிமைப் போராளி ஜெஸ்ஸி ஜாக்சன் வெளிப்படையாகக் கண்டித்தார். வெறும் கேலிதான் என்று அதற்குப் பதில் வந்தது.

ஹன்ட்டும் லென்னியரும் ‘அது நான்தான்’ என்று சொல்லிக்கொண்டால், வெட்கப்படு என்று சொல்ல நான் யார்? அவர்கள் பேரும் தொழிலும் உள்ள, சுயமாக நின்ற பெண்கள். 1969இல் ஒரு வெள்ளைக்காரனும் ஒரு கறுப்புப் பெண்ணும் விரும்பிப் பழகினால் அது அவர்கள் பாடு. கொண்டாடட்டும். கோளாறு அதில் இல்லை. விரும்பி வந்த பெண்ணையும், சந்தையில் விற்கப்பட்டு வந்த பெண்ணையும் பாட்டு ஒரே பேரால் கூப்பிடுகிறதே, அதில் இருக்கிறது. ஒருத்திக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வாய் இருந்தது. மற்றவளுக்கு அந்த வாயைச் சட்டம் போட்டு அடைத்திருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே சர்க்கரை ஆக்கிவிட்டால், வன்முறைக்கும் காதலுக்கும் நடுவில் உள்ள கோடு அழிந்துபோகும். கோட்டை அழித்துவிட்டு, கொடூரத்தைத்தானே பாடினேன் என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வது?

தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான். பாட்டு எதைப் பற்றியது என்று கேட்பது போதாது. எங்கே நின்று பார்க்கிறது என்று கேட்க வேண்டும். இந்தப் பாட்டு குடிசைக்கு வெளியே நின்று சாட்டைச் சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே அடி வாங்குகிறவள் முகம் பாட்டில் இல்லை. அவள் சொல் இல்லை. அழுகைகூட இல்லை. சத்தம் தாளமாகிறது, தாளத்துக்குக் கூட்டம் கூவுகிறது. கூவுகிறவன் தன்னையறியாமல் ஆண்டையின் பக்கத்தில் போய் நிற்கிறான். அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

அப்போ வெள்ளைக்காரன் கறுப்பனைப் பற்றி எழுதவே கூடாதா? நம் பத்திரிகைகளில் முப்பது வருசமாக நடக்கும் வாதம்தான் இது: தலித்தைப் பற்றித் தலித்துதான் எழுத வேண்டுமா? இதற்கு 1939இலேயே ஒரு பதில் இருக்கிறது. மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களின் உடல்களைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டை எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற யூதப் பள்ளி ஆசிரியர். கறுப்பரல்ல. பாடியவர் கறுப்புப் பாடகி பில்லி ஹாலிடே. நியூயார்க்கில் ஒரு விடுதியில் அவர் அதைப் பாடும்போது பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். விளக்கெல்லாம் அணைந்து, அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும். அந்தப் பாட்டுக்கு யாரும் ஆட முடியாது. எழுதியவன் பிறப்பு அங்கே தடையாக இல்லை. அவன் போய் நின்ற இடம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்தியது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், ரோலிங் ஸ்டோன்ஸிடமே சாட்சி உண்டு. அதே 1969இல் ‘கிம்மி ஷெல்டர்’ என்ற பாட்டுக்காக மெர்ரி கிளேட்டன் என்ற கறுப்புப் பாடகியை நடுராத்திரியில் அழைத்தார்கள். கர்ப்பிணியாக வந்து பாடினார். பாலியல் வன்முறையும் கொலையும் வாசலில் வந்து நிற்பதாகச் சொல்லும் இடத்தில் அவர் குரல் உடைகிறது. அதற்குப் பின் அவருக்குக் கரு கலைந்தது. அந்தப் பாட்டில் பயப்படுகிறவளின் தொண்டை கேட்கிறது. ‘பிரவுன் சுகர்’ பாட்டில் அந்தத் தொண்டைதான் இல்லை.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பாடு, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பர்களின் அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதவர்களின் நிலைமைக்கும் நீக்ரோக்களின் நிலைமைக்கும் இருக்கும் ஒற்றுமையைச் சொல்லி, அவர்களைப் படிப்பது நமக்கு அவசியம் என்று எழுதினார். அந்தப் பாடத்தைத்தான் நானும் படிக்கிறேன். தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் நம் பாட்டன் காலத்துச் சங்கதி. அந்தச் சவுக்கைத் தாளமாக்கி, நடுவில் நம் பாட்டியின் உடம்பை வர்ணித்து, ஆண்டை வீட்டு வழியில் வந்தவன் ஒருத்தன் குத்துப்பாட்டு எழுதினால், கொடுமையைத்தானே பாடியிருக்கிறான் என்று நாம் ஆடுவோமா? ஜாகர் ஆண்டையின் பேரன் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவளுக்கு எப்படிக் கேட்கும் என்று சொல்கிறேன்.

இதைச் சொன்னதும் தோழி இன்னொன்றையும் கேட்டாள். "நம்ம தெருக் கல்யாணத்துல நாம ஆடுற சினிமாப் பாட்டுல பொம்பளைய என்னன்னு பாடியிருக்கான்? அதுக்கு என்னிக்காவது காலை மடக்கியிருக்கீங்களா?" ஆம்பளைத் தோழர்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் பேசவில்லை. நானும் ஆடியிருக்கிறேன்.

அப்போ என் கால் செய்தது துரோகமா? ரொம்ப நாள் யோசித்தேன். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பேரே, மட்டி வாட்டர்ஸ் 1950இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்த பேர். மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பருத்திப் பண்ணையில் வேலை செய்து வளர்ந்த கறுப்பர். அந்தக் குழுவின் கிதாருக்கும் தாளத்துக்கும் ஊற்று அங்கேதான். என் காலைத் தட்ட வைத்தது பண்ணையில் முதுகொடிந்த சனங்கள் உண்டாக்கிய இசை. அவர்களிடமிருந்து தாளத்தை வாங்கி, அவர்கள் பெண்களைச் சாட்டையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறது இந்தப் பாட்டு. தாளம் பிடித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. பொருள் தெரிந்த பிறகும் அதே மாதிரி ஆடினால்தான் வெட்கம்.

பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். புதைக்கிறார்களே என்று ரிச்சர்ட்ஸ் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. நம்முடைய வரலாறெல்லாம் புதைக்கப்பட்ட வரலாறு. நாமே இன்னொன்றைப் புதைக்கச் சொல்லக்கூடாது. ஆனால் மேடையில் பாடாமல் விடுவது புதைப்பதாகாது. இசைத்தட்டு இருக்கிறது, வேண்டியவர் கேட்கலாம். அதே நேரம், ஐம்பது வருசம் கூட்டத்தை ஆடவைத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று பட்டும் படாமல் பேசி நகர்ந்துவிடுவது பொறுப்பும் ஆகாது. அந்தப் பெண்களுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அந்தப் பாட்டு கொண்டாட்டத்துக்கு வேண்டாம். பாடத்துக்கு இருக்கட்டும். பொருளோடு போடுங்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று. அந்தக் குடிசைக்குள் இருந்தவள் பேசவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேகப்ஸ், ஆண்டையின் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்கவும் முடியாத பொந்தில் ஏறக்குறைய ஏழு வருசம் ஒளிந்திருந்தார். பிறகு வடக்கே தப்பிப் போனார். 1861இல் தன் கதையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். ‘பிரவுன் சுகர்’ வருவதற்கு நூற்றுப்பத்து வருசத்துக்கு முன்பே அவள் பேசிவிட்டாள். கேட்கத்தான் ஆளில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜேகப்ஸ் எழுதியதில் சில பக்கங்களைத் தோழி தமிழில் வாசிக்கிறாள். கிதார்த் தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறான். முதலில் அவள் சொல்வதைக் கேட்போம். பாட்டைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.