பொது விளக்கின் எண்ணெய்

வீட்டுக் கணிப்பொறி சும்மா கிடக்கும் நேரத்தில் அதனை ஓடவிட்டுச் சிறிது காசு தேடிக்கொள்ளலாமா என்னும் கேள்வி இப்போது நம் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. ‘கிரிப்டோ’ என வழங்கும் மின்னணு நாணயங்களைப் பற்றிய கேள்விதான் அது. அவற்றை வாங்கி விற்பது பற்றிப் பல நாட்டு உலமாப் பெருமக்கள் கருத்துரைத்திருக்கின்றனர். துருக்கியின் தியானத் அமைப்பு 2017இல் அது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்றது. எகிப்தின் தலைமை முஃப்தியும் அதையடுத்துக் கூடாதென்றார். இந்தோனேசிய உலமாக் கழகம் நாணயமாகப் பயன்படுத்துவதை 2021இல் ஹராம் என அறிவித்தது. மலேசியாவிலோ பங்கு ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல் நிபந்தனைகளோடு இசைவு தந்தது. அத்தீர்ப்புகளைத் தராசில் ஏற்றும் தகுதி நமக்கில்லை. நாம் எடுத்துக்கொண்டது அவற்றினும் சிறிய கேள்வி. சிறியது என்பதாலேயே அது வீட்டுக்குள் ஓசையின்றி நுழைந்துவிடுகிறது.

‘மைனிங்’ என்று அதற்குப் பெயர். சுரங்கம் தோண்டுதல் என்று பொருள். தோண்டுவதற்கு மண்ணுமில்லை, மண்வெட்டியுமில்லை. 2008இல் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரியில் அது பிட்காயின் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும் பேரேடு எந்த வங்கியிடமும் இராது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே பேரேட்டின் நகல்கள் இருக்கும். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேரும். அப்பக்கத்தைச் சேர்க்கும் உரிமை, குறித்ததொரு நிபந்தனைக்குப் பொருந்தும் எண்ணை முதலில் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கு. அவ்வெண்ணை அறிவால் கண்டுபிடிக்க இயலாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதொன்றே வழி. கண்டுபிடித்தவர்க்குப் புதிய நாணயங்கள் பரிசு. தொடக்கத்தில் 50ஆக இருந்த பரிசு 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் பாதி பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்பது ஏற்பாடு.

முதலாண்டில் வீட்டுக் கணிப்பொறியே இதற்குப் போதுமானதாயிருந்தது. சதோஷியை அடுத்து இதில் இறங்கிய முதல் மனிதர்களுள் ஒருவரான ஹால் ஃபின்னி என்னும் அமெரிக்கர், சில நாள் ஓடவிட்டபின் கணிப்பொறி சூடேறுவதையும் விசிறிச் சத்தத்தையும் பொறுக்காமல் நிறுத்திவிட்டதாகப் பின்னாளில் தாமே எழுதினார். 2010இல் கிராபிக்ஸ் கார்டுகளும், 2013 முதல் இதற்கென்றே செய்யப்பட்ட தனி இயந்திரங்களும் வந்தபின் சாதாரணக் கணிப்பொறி களத்திலிருந்து வெளியேறியது. இன்று அது தனித்து ஒரு பிட்காயின் பக்கத்தைச் சேர்ப்பதற்குப் பல லட்சம் ஆண்டுகளும் போதா. ஆகவே வீட்டிலிருந்து முயல்வோர், ‘மொனேரோ’ போன்ற, சாதாரணக் கணிப்பொறிக்கு ஏற்ற முறையை 2019இல் கைக்கொண்ட நாணயங்களை நாடுகின்றனர். நாளொன்றுக்குச் சில ரூபாய் கிடைக்கும்.

இதில் உழைப்பு எங்கே என்று கேட்போர் உண்டு. தன் கைத்தொழிலால் உண்பதே சிறந்த உணவு என்றும், தாவூத் நபி (அலை) அவர்கள் அவ்வாறே வாழ்ந்தார்கள் என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை அறிந்த நமக்கு அக்கேள்வி இயல்பானதே. எனினும் இந்த ஆட்சேபம் வலுவற்றது என்றே நாம் கருதுகிறோம். மாவு மில் வைத்திருப்பவர் அரைப்பதில்லை, மில் அரைக்கிறது. வாடகைக்கு வண்டி விடுபவர் சுமப்பதில்லை. இயந்திரம் செய்யும் பணிக்கு இயந்திரத்துக்குரியவர் கூலி பெறுவதை மார்க்கம் மறுக்கவில்லை. அப்பணியால் பயனுண்டா என்பதே கேட்கத்தக்கது. எண்களைப் போட்டுப் பார்ப்பதால் உலகில் ஒரு நெல்மணியும் விளையாது என்பது மெய். ஆனால் இரவெல்லாம் தெருவில் நடக்கும் காவற்காரரின் நடையாலும் ஒன்றும் விளைவதில்லையே! பேரேட்டைத் திருத்த எண்ணுபவனுக்கு அது பெருஞ்செலவாகும்படி செய்வதே இவ்வியந்திரங்களின் காவல். இம்மட்டில் குறையில்லை. ஒரே தெருவைக் காக்கப் பல லட்சம் காவற்காரர் இரவெல்லாம் நடந்து, ஒருவர் மட்டும் கூலி பெறுவாரானால் மற்றையோரின் கால்வலி எக்கணக்கில் சேரும்? வீண்விரயம் பற்றிய கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, இது சூதாட்டமா? யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன மன்னரின் குவளையைக் கொண்டுவருவோர்க்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதைத் திருமறை சொல்கிறது. கண்டெடுப்போர் யாரென முன்கூட்டித் தெரியாத பணிக்குப் பரிசு அறிவிக்கும் ‘ஜுஆலா’ என்னும் ஒப்பந்தத்துக்கு ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட மேதைகள் அதனை ஆதாரமாகக் கொண்டனர்; ஹனஃபி அறிஞர்கள் பொதுவாக அதனை ஏற்கவில்லை. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி; உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. ஒரே கேள்விக்கு ஒரே குடும்பத்தின் இரு கிளைகளில் இரு விடை கிடைக்கலாம்! 2010 முதல், பலர் கூடி இயந்திரங்களை இணைத்து, அவரவர் இயந்திரம் செய்த வேலையின் அளவுக்குப் பரிசைப் பங்கிடும் கூட்டுமுறையும் வந்துவிட்டது. தனித்து முயல்வது லாட்டரிச் சீட்டை ஒத்தது என்றால், கூட்டில் முயல்வது கூலியை ஒத்தது. இவ்விரண்டையும் ஒரே பெயரிட்டு ஒதுக்குவதும் தவறு, ஒரே பெயரிட்டு அணைப்பதும் தவறு.

ஆயினும் ஈட்டியதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் செலவிடுவதில்லை, விலை ஏறும் என்று பூட்டிவைக்கின்றனர். பொன்னும் வெள்ளியும் கண்ணாடி போன்றவை, தமக்கென்று நிறமில்லாமல் பிற நிறங்களைக் காட்டுபவை, அவற்றைப் பூட்டிவைப்பது அவை படைக்கப்பட்ட நோக்கத்துக்கு அநீதி என்ற கருத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விரிவாக எழுதியிருக்கின்றார்கள். 2010 மே 22 அன்று லாஸ்லோ ஹன்யெச் என்பவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்ஸா பெற்றுக்கொண்டார். உலகம் இன்றளவும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்நாளில் அதனை நாணயமாக நடத்தியவர் அவர்தாம்.

இவையெல்லாம் நூல்களைப் புரட்டி வாதிக்கத்தக்கவை. நம்மை உறுத்துவது வேறு: மின்சாரம்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஆட்சிப் பணி முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் பைத்துல்மாலின் விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றியதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியைக் கேளாத முஸ்லிம் வீடு தமிழகத்தில் இராது. எத்தனை துளி எண்ணெய் எரிந்திருக்கும்? கணக்கிட்டால் ஒன்றுமில்லை. சிறுதொகைச் சுரங்கக்காரர் சொல்வதும் அதுவே: “இதில் என்ன பெரிதாய்ப் போய்விடப்போகிறது?”

போனதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியில் இயங்கிய பெருங்கணிப்பொறிகளை ஓர் ஆராய்ச்சியாளர் பிட்காயின் தேடப் பயன்படுத்தியதாக 2014இல் அந்நிறுவனத்தின் தணிக்கை அறிக்கை கூறிற்று. செலவான கணிப்பொறி நேரத்தின் மதிப்பு 1,50,000 டாலருக்கு மேல். கிடைத்த நாணயத்தின் மதிப்பு 8,000 முதல் 10,000 டாலர். திருடியவனுக்குக் கிடைத்ததைவிட உடையவருக்கு இழப்பு பதினைந்து மடங்கு! பையிலிருந்து பணத்தையே எடுத்திருந்தால் இத்தனை சேதம் நேர்ந்திராது.

இதனினும் நெஞ்சைச் சுடுவது ஈரானின் நிகழ்ச்சி. அங்கே பள்ளிவாசல்களுக்கு மின்சாரம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ தரப்படுவதைப் பயன்படுத்தி, பள்ளிவாசலுக்குள்ளேயே சுரங்க இயந்திரங்களை வைத்திருந்ததாக 2019இல் செய்தி வந்தது. தொழுவோர் நலன் கருதி ஊர் தந்த ஒளியை எவரோ தம் பணப்பைக்குத் திருப்பிவிட்டனர். 2021 மே மாதம் நகரங்கள் இருளில் மூழ்கியபோது அந்நாட்டு அரசு இத்தொழிலையே நான்கு மாதம் தடைசெய்யும்படி ஆயிற்று. விசிறி நின்ற அறையில் அழுத குழந்தைக்கும் அந்த நாணயத்துக்கும் தொடர்பில்லை என்று எவரால் சொல்ல இயலும்?

நம் ஊரில் இத்தனை பெரிய குற்றத்துக்கு இடமில்லை எனலாம். விடுதி மாணவன், அலுவலக ஊழியர், வாடகையோடு மின்கட்டணமும் சேர்த்துத் தருபவர் ஆகியோரின் நிலை என்ன? அவர்களுக்கு மின்சாரம் தரப்பட்டது படிக்க, பணியாற்ற, குடியிருக்க. அது அமானிதம். எதற்கென்று தரப்பட்டதோ அதற்கப்பால் எரிப்பதற்கு அனுமதி கேட்கவேண்டும். கேட்டால் கிடைக்காது என்பதால் கேளாமலிருப்பது, தவறு என்று தெரிந்திருப்பதற்கே அடையாளம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016இல் முடிவாயிற்று. அந்தச் சலுகையின் பின்னேயும் பொதுப்பணம் இருக்கிறது. ஏழை வீட்டின் விளக்குக்காக ஏற்பட்டது அது.

இனிச் சொந்த வீட்டுக்கு வருவோம். 300 வாட் இழுக்கும் கணிப்பொறி இரவுபகலாக ஓடினால் நாளொன்றுக்கு 7.2 யூனிட், இரண்டு மாதத்தில் 432 யூனிட். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும். அறை சூடாவதால் ஏசியும் கூடுதலாக ஓடும். அந்த பில்லைக் கட்டும் பணம் பல வீடுகளில் வளைகுடாவிலிருந்து வருகிறது. வெயிலில் நின்று அத்தா அனுப்பும் பணம். நாணயமோ மகனின் கணக்கில் சேர்கிறது. இதனைச் சம்பாத்தியம் என்பதா, தந்தையின் பணம் தேய்ந்து உருமாறி மகனிடம் வந்தது என்பதா?

தந்தையிடம் சொல்லி இசைவு பெற்று, பில்லில் அந்தப் பகுதியைத் தம் காசிலிருந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணிப் பார்த்த இளைஞர் சிலரை நாம் அறிவோம். அவர்களுள் பெரும்பாலோர் இரண்டாவது பில் வருவதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டனர்.