உயர்ந்த நூலும் உவந்த நூலும்

ஒரு நூல் உயர்ந்தது என்பதும் அது நம் உள்ளத்திற்கு உவந்தது என்பதும் ஒன்றல்ல. இதனை அறிந்திருந்தும் வகுப்பறையில் நாம் மறைத்த நாள் ஒன்றுண்டு. "அம்மா, உங்களுக்கு மிகவும் பிடித்த நூல் எது?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். சற்றும் தயங்காமல் "சீவக சிந்தாமணி" என்றோம். சிறு பொய்தானே எனச் சிலர் எண்ணலாம். ஐந்து விரதங்களுள் வாய்மையும் ஒன்று என்று நாள்தோறும் ஓதியவர் நாம்.

சிந்தாமணி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. 3145 பாடல்களில் விருத்தப்பாவை அது ஆளும் திறம் ஒருபுறம் இருக்கட்டும். சைவ மரபினரான நச்சினார்க்கினியர் அதற்கு உரை வரைந்தார், அம்மரபினரான உ.வே.சாமிநாதையரே 1887இல் அதனை அச்சேற்றினார். தன் சமயத்தைச் சாராதவரையும் ஈர்த்துக்கொள்வதன்றோ நூலின் உயர்வுக்கு உரைகல்! ஆயினும், கும்பகோணத்துச் சமண இல்லங்களில் அதனைப் பற்றோடு பயின்று வந்தவர்கள் இல்லையேல், ஐயரவர்களுக்குப் பல இடங்களில் பொருள் விளங்கியிராது. ஆகவே பற்றினை இகழவும் மனம் ஒப்பவில்லை.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது யசோதர காவியம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று. ஆசிரியர் பெயரும் தெரியாது. ஆசிரியப் பயிற்சியில் கற்ற எந்த அளவுகோலும் அதனைச் சிந்தாமணிக்கு நிகர் என்று கூறாது. நமக்கு ஏழெட்டு வயதிருக்கும். அன்னையார் கொழுக்கட்டைக்குப் பிசைந்து வைத்த மாவில் சேவல் ஒன்று செய்து, தம்பியோடு விளையாட்டாக அதன் கழுத்தை அறுத்தோம். பாட்டியார் கடிந்துகொள்ளவில்லை. பொழுது சாயுமுன் உணவு முடிந்ததும் அருகில் அமர்த்திக்கொண்டு, மாக்கோழியைப் பலியிட்ட யசோதரன் மயிலாகவும் அவன் தாய் சந்திரமதி நாயாகவும் பிறந்து அலைந்த கதையைச் சொன்னார். அன்றிரவு நாம் உறங்கவில்லை. பின்னாளில் அந்நூலைக் கையிலெடுத்த போதெல்லாம் பாட்டியாரின் குரலே கேட்டது. அதனை நாம் எங்ஙனம் எடைபோடுவது? எடைபோடப்பட்டவர் நாமல்லவா!

அடுத்த வாரம் 'எனக்குப் பிடித்த நூல்' என்று கட்டுரை எழுதப் பணித்தோம். ஏறக்குறைய எல்லோரும் சிந்தாமணி என்றே எழுதினர், ஒருவரும் படித்தவரல்லர். ஒருத்தி மட்டும், தான் காய்ச்சலில் கிடந்தபோது தந்தையார் படித்துக் காட்டிய அம்புலிமாமா வேதாளக் கதைகளே தனக்குப் பிடித்தவை என எழுதியிருந்தாள். "தரமான நூலைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்" என்று சிவப்பு மையில் குறித்து, இரண்டு மதிப்பெண் குறைத்தோம். அவளும் இன்று பாட்டியாகியிருப்பாள்.