மிதிவண்டியும் மனமும்

உடல் இருக்குமிடத்தில் மனமும் இருப்பது அரிது. கை பூஜை செய்கிறது. மனமோ நேற்று கேட்ட கடுஞ்சொல்லிடம் போய் நிற்கிறது. நாவு நாமத்தை ஜபிக்கிறது. மனம் நாளைய செலவைக் கணக்கிடுகிறது. சென்றதற்கும் வராததற்கும் இடையே, உண்மையில் கைவசம் உள்ள நிகழ்காலம் நழுவிப் போகிறது. இந்த நோயின் இயல்பையும் மருந்தையும் எளிய மக்களின் அன்றாட உழைப்பிலும் காணலாம்.

மும்பை தாராவியில் வாழும் தமிழர்களில் பலர் இட்லி வியாபாரம் செய்பவர்கள். விடியுமுன் அடுப்பு மூட்டப்படுகிறது. இட்லி நிறைந்த பெரிய பாத்திரம் சைக்கிளின் பின்னே ஏறுகிறது. சட்னியும் சாம்பாரும் உடன் செல்கின்றன. ரப்பர் ஹாரனை ஒலித்தபடி நகரின் தெருக்களுக்கு அவர்கள் புறப்படுகிறார்கள்.

மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ செல்லும் அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆடி மாத மழை. தேங்கிய நீரில் குழிகள் மறைந்துள்ளன. ஒருபுறம் பேருந்து உரசிச் செல்கிறது. மறுபுறம் பாதசாரி குறுக்கிடுகிறார். பின்னால் இருப்பதோ குடும்பத்தின் அன்றைய வருமானம் முழுவதும். வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள தாயின் மருந்துச் செலவு என்று அவருக்கும் கவலைகள் உண்டு. ஆயினும் அந்தக் குழியைக் கடக்கும் கணத்தில் அவற்றுள் ஒன்றுகூட அவர் மனத்தில் இல்லை. கண், கை, கால், மனம் யாவும் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன.

இது யோகமாகுமா? விழுந்துவிடுவோம் என்னும் அச்சம் வற்புறுத்திப் பெற்ற கவனம் அல்லவா? சைக்கிளை நிறுத்தியதும் வாடகைக் கவலை திரும்பி வந்துவிடாதா? வரும். சைக்கிள் ஓட்டுவதாலேயே ஒருவன் ஞானியாகிவிடுவதில்லை. ஆனால் அந்த ஒரு கணம் ஒன்றை ஐயமற நிரூபிக்கிறது: மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றல் மனிதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அச்சம் வரவழைப்பதை அன்பினால் வரவழைக்கக் கற்பதே சாதனை.

அதைக் கற்கும் வழியையும் மிதிவண்டியே காட்டுகிறது. அது ஒருபோதும் அசையாமல் நேராக நிற்பதில்லை. ஓடும்போது இடப்பக்கம் சாய்கிறது. ஓட்டுபவர் கைப்பிடியைச் சற்றே இடப்பக்கம் திருப்ப, வண்டி நிமிர்கிறது. மறுகணம் வலப்பக்கம் சாய்கிறது, மீண்டும் திருத்தம். இடைவிடாத இச்சிறு திருத்தங்களுக்கே சமநிலை என்று பெயர். காற்றைப் போல் மனத்தை அடக்குவது கடினம் என்று அர்ஜுனன் முறையிட்டபோது, அலைவதே கூடாது என்று பகவான் கூறவில்லை. எங்கெங்கு மனம் ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதை மீட்டு ஆத்மாவில் நிறுத்த வேண்டும் என்பதே கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் உபதேசம். ஜபத்தில் மனம் நூறு முறை விலகினால், நூறு முறை அதைத் திருப்புவதே அன்றைய ஜபம். விலகியதற்காக வருந்திக்கொண்டிருப்பது இன்னொரு விலகலே.

நிகழ்காலத்தில் வாழ்வதென்றால் நாளையைப் பற்றி எண்ணவே கூடாது என்று சிலர் கருதுகிறார்கள். அதுவும் பிழை. முன்சக்கரத்தையே பார்த்து ஓட்டுபவன் தடுமாறுவான். தேர்ந்தவரின் பார்வை முன்னுள்ள சாலையில் இருக்கும். மகளின் கட்டணத்துக்காக மாலையில் அமர்ந்து கணக்கிடுவது திட்டம். அது அந்நேரத்துக்குரிய கடமை. அதே கட்டணத்தை எண்ணி வழியெல்லாம் கலங்குவது கவலை. திட்டம் செயலில் முடிகிறது. கவலை செயலைக் கெடுக்கிறது.

அதே மும்பையில் 1890 முதல் உணவு சுமந்துவரும் டப்பாவாலாக்களில் பெரும்பாலோர் பண்டரிபுரத்து விட்டலனை வழிபடும் வார்கரி மரபினர். அன்னம் கொண்டு சேர்ப்பதை அவர்கள் இறைத்தொண்டாகவே போற்றுகிறார்கள். நெரிசலில் மிதிவண்டியைச் செலுத்தும் கவனம் இத்தகைய பாவனையுடன் இணையும்போது, உழைப்பே உபாசனையாகிறது. வற்புறுத்தல் விலகி அர்ப்பணம் மலர்கிறது.

ஆகவே சாதகன் பெரிய மாற்றங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாத்திரம் துலக்கும்போதும், குழந்தையின் சொல்லைக் கேட்கும்போதும், ஒரு கவளம் உண்ணும்போதும், மழைச்சாலையில் செல்பவரின் கவனத்தை அவன் அச்சமின்றிப் பயிலட்டும். மனம் சாயும், சாயட்டும். உடனே பரிவுடன் அதை இறைவன்பால் திருப்பினால் போதும். பயணம் நில்லாது தொடரும்.